பசப்பா ஆடுவான், ரீஸ் மாமா

அன்புள்ள ரீஸ் மாமாவுக்கு,

நீங்கள் கண்மூடி இரண்டு மாதம் ஆகிறது. அக்கா மறுபடி ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறாள். ஓசூர் கால்பந்து அணிக்கு உங்கள் இடத்தில் இப்போது நான்தான் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி அணியோடு ஆட்டம். அதைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

வேல்ஸில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர் நீங்கள். சுரங்கத்துக்குள் இறங்காமல் உங்களைக் காப்பாற்றியது இடது கால். எட்டு வருஷம் சம்பளத்துக்குப் பந்தாடினீர்கள். முழங்கால் போனது. பிறகு பட்டாளத்தோடு பெங்களூர் வந்து, அக்காவைக் கட்டிக்கொண்டு எங்களோடு தங்கிவிட்டீர்கள். ஓட முடியாமல் மைதானத்தின் ஓரத்தில் நின்று, ஓடுகிறவர்களைத் தேர்ந்தெடுத்தீர்கள். அது சுலபமாகவா இருந்தது, மாமா? நான் கேட்டதே இல்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. போன வருஷம் என்னையே அணியிலிருந்து எடுத்தீர்கள். என் இடத்தில், மைசூர் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து சைக்கிளில் வரும் பசப்பாவைப் போட்டீர்கள். "மச்சான், அவன் ஓடறான். நீ நடக்கற. அவ்ளோதான்" என்றீர்கள். ஒரு மாதம் உங்களோடு பேசாமல் இருந்தேன்.

இப்போது மொழிவாரியாக மாநிலம் பிரிக்கும் பேச்சு எல்லையோரத்து ஜூஜுவாடி டீக்கடை வரை வந்துவிட்டது. முந்தாநாள் நம் அணியின் கமிட்டிக் கூட்டத்தில் செயலாளர் சொன்னார்: "கன்னடக்காரப் பையன் நம்ம டீம்ல எதுக்குங்க? அவன எடுத்துட்டு நீங்களே எறங்குங்க."

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் ஆசை வந்துவிட்டது. ஒரு வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அல்லவா?

அப்புறம் உங்கள் பள்ளிக்கூடக் கதை ஞாபகம் வந்தது. இங்கிலீஷ் மட்டுமே பேச வேண்டிய வகுப்பில் வீட்டு மொழியான வெல்ஷில் பேசியதற்காக வாத்தியார் உங்களைப் பிரம்பால் அடித்த கதை. மற்ற எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்வீர்கள். அதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

"பசப்பா ஆடுவான்" என்றேன்.

"அப்ப கமிட்டி பந்து, சட்டை எதுவும் உங்களுக்குக் கெடையாது."

"சரிங்க" என்று எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று பசப்பா நம் வீட்டுக்கே வந்தான். வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். "அண்ணா, நான் வரலேன்னா எல்லாம் சரியாயிடுமில்ல? விட்டுடுங்க."

"காலையில ஆறு மணிக்குப் பிராக்டீஸ். லேட்டா வந்தா வெளியதான் நிக்கணும்" என்றேன்.

இன்று காலை அவன்தான் முதலில் வந்தான். மற்ற பத்துப் பேரும் வந்தார்கள். யாரும் கமிட்டியைப் பற்றிப் பேசவில்லை. வேண்டிய பந்தைத் தாங்களே கொண்டுவருவதாகக் கிருஷ்ணகிரிக்காரர்கள் ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா பதினொரு பனியன்களுக்கு நீலச்சாயம் போட்டுக் கொடியில் காயவைத்திருக்கிறாள்.

ஜெயிப்போமா என்று தெரியாது. ஆனால் இந்த அணி என் பொறுப்பில் இருக்கும்வரை, ஊரையும் மொழியையும் கேட்டு யாருக்கும் இடம் கொடுக்க மாட்டேன், யாரையும் நீக்கவும் மாட்டேன். கால் தளர்ந்தவன் என் சொந்த மகனாகவே இருந்தாலும், நீங்கள் சொன்னது போல முகத்துக்கு நேராகச் சொல்வேன். அவன் கோபத்தையும் நானே வாங்கிக்கொள்வேன்.

உங்கள் மேரியின் தம்பி,
உங்கள் மச்சான்
செல்வராஜ்