துவைக்கக் கூடாத ஸ்வெட்டர்

ஜூன் 4

அன்புத் தங்கைக்கு,

பஸ் கிளம்பும்போது நீ கையசைத்தாய். நான் நாய் மேனேஜரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கோபித்துக்கொள்ளாதே. ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் நாய் கூடாதாம். நான் தலைமை நர்ஸாக மாற்றலாகி வந்தவள் என்றாலும் சட்டம் சட்டம்தானாம்.

தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டுவிட்டாயா? அப்பாவின் காட்டுவீட்டில் வெளிச்சம் அங்கேதான். மழை விழுந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், புதர்களுக்கு நடுவே ஆர்க்கிட் முளைக்கும். மொட்டு தெரிந்த அன்றே ஒவ்வொன்றின் மேலும் கம்பிக்கூடையைக் கவிழ்த்துக் கல் வை. இல்லையென்றால் முயல்கள் விடிவதற்குள் மொட்டையடித்துவிடும்.

மேனேஜர் என் பச்சை ஸ்வெட்டர் மேல்தான் தூங்குவான். அதை மட்டும் துவைத்துவிடாதே. அவனைக் கட்டிலில் ஏற்றாதே. பூனை கிளார்க்கைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அவள் யார் பேச்சையும் கேட்கமாட்டாள்.

உன் அக்கா

ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தில் எனக்கு இரண்டு வரி, மற்றதெல்லாம் நாய்க்கும் செடிக்கும். எண்ணிப் பார்த்தேன்.

ஆர்க்கிட் ஏழு வந்திருக்கிறது. சாண் உயரம்கூட இல்லை, மஞ்சளில் பழுப்புக் கோடு. குனிந்து பார்த்தால்தான் பூ என்றே தெரிகிறது. ஏழுக்கும் கூடை போட்டாயிற்று.

இன்னொரு விஷயம். மேனேஜர் செத்த பெருச்சாளி மேல் புரண்டுவிட்டு வந்து உன் ஸ்வெட்டரில் படுத்துவிட்டான். வீடெல்லாம் நாற்றம். வேறு வழியில்லாமல் துவைத்தேன். அன்றிலிருந்து அதைச் சீண்டுவதில்லை. என் அறை வாசலில் படுக்கிறான். மெஷின் ஓடினால் காலடியில் வந்து உட்காருகிறான்.

உன் தங்கை

ஜூலை 5

தங்கைக்கு,

துவைத்துவிட்டாயா. ஒரே ஒரு துணியைத்தான் துவைக்காதே என்றேன்.

சின்ன வயதில் என் சைக்கிளை வாங்கி சீட்டை இறக்கிக்கொண்டாய். நீ பிறந்ததும் அம்மா என்னை மடியிலிருந்து இறக்கிவிட்டாள். போகட்டும், சின்னவள் என்று விட்டுக்கொடுத்தேன். இவன் என்னுடையவன். உள்ளங்கையளவு குட்டியாக இருந்தபோது சிரிஞ்சில் பால் ஊட்டி வளர்த்தேன்.

ஆமாம், பொறாமைதான். நாற்பத்தெட்டு வயதில் ஒரு நாய்க்காக வயிறு எரிகிறாளே என்று சிரித்துக்கொள். இங்கே பின்முற்றத்தோடு ஒரு வாடகை அறை பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அவன் யார் பின்னால் வருகிறான் என்று பார்த்துவிடுகிறேன்.

அக்கா

ஜூலை 14

அக்காவுக்கு,

சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாய். வந்ததும் அவன் உன்மேல் ஏறிக் குதித்தானே, அது போதவில்லையா? கோழிகளுக்குத் தண்ணீர் வைக்க வாளியோடு கிளம்பினேன், அவனும் கூட வந்தான். திரும்பி வந்தால் உன் நாற்காலி காலி. டீயில் பாதி அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் பார்த்தால் ஏழு ஆர்க்கிட்டும் இல்லை. முயல் வேலை. காற்றில் கூடைகள் நகர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தங்கை

ஜூலை 20

அன்புத் தங்கைக்கு,

காற்று இல்லை. நான்தான்.

அவன் வாளிக்குப் பின்னால் போனபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் எழுந்து தொட்டிப் பக்கம் போனேன். நீ கவிழ்த்த கூடைகள் நான் வைப்பதைவிட ஒழுங்காக இருந்தன. அதுதான் பொறுக்கவில்லை. ஏழு கூடைகளையும் எடுத்துவிட்டேன். பாதி வழியில் இறங்கித் திரும்ப நினைத்தேன், வெட்கமாக இருந்தது. வாயில்லாத செடிமேல் போய் என் ஆத்திரத்தைக் காட்டினேனே.

மேனேஜர் உன்னோடே இருக்கட்டும். அவனுக்குப் பிடித்த இடத்தில் இருப்பதுதான் நியாயம். அடுத்த சனிக்கிழமை அந்த அறை வேண்டாமென்று சொல்லிவிடுவேன்.

அக்கா

ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

அறையை விட்டுவிடாதே.

கூடைகள் விஷயம் அன்றைக்கே தெரியும். எந்தக் காற்று கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, மேலே கல்லும் வைத்துவிட்டுப் போகும்? நீயாகச் சொல்கிறாயா பார்க்கலாம் என்றிருந்தேன். நீ சொல்லிவிட்டாய். இனி நானும் சொல்ல வேண்டும்.

செத்த பெருச்சாளி எதுவும் இல்லை. நீ போனபின் பதினொரு நாள் அந்த ஸ்வெட்டரை வாசல் கேட்டுக்கு இழுத்துப்போய், அதில் மூக்கைப் புதைத்துக்கொண்டு கிடந்தான். நான் சோறு வைத்தேன், கூப்பிட்டேன், கெஞ்சினேன். இந்த வீட்டில் நான் ஒருத்தி இருப்பதாகவே அவன் கண்டுகொள்ளவில்லை. என்னால் தாங்க முடியவில்லை. சோப்பு போட்டு இரண்டு தரம் அலசினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ பார்க்காதது ஒன்று இருக்கிறது. கோழிக்கூண்டிலிருந்து வந்ததும் உன் நாற்காலியை மோந்து பார்த்துவிட்டு பஸ் நிற்கும் இடத்துக்கே ஓடினான். இருட்டும்வரை வரவில்லை. இப்போது தினமும் போகிறான். போன கடிதத்தில் வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

ஆர்க்கிட் கிழங்குகள் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கின்றன, தோண்டிப் பார்த்தேன். அடுத்த மழைக்கு வரும். கூடை போட நீயும் வா.

இந்த ஞாயிறு முதல் பஸ்ஸில் வந்து அவனை அழைத்துப் போ. தட்டையும் சங்கிலியையும் கழுவி வைத்திருக்கிறேன். ஸ்வெட்டரை மட்டும் கேட்காதே. அதை நான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் தங்கை