அருளுக்கு நான் போட்ட மொட்டை

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். மூன்றாம் மாடி லிப்ட் மறுபடியும் மக்கர். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து வயர் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே எச்.ஆர். ஆட்கள் இரண்டு பேர். அடுத்த வாரம் கோடவுன் ஆட்களுக்குத் திடீர் போதைச் சோதனையாம். முடியில். "இந்தப் புது மாத்திரைங்க மூத்திரத்துல சிக்காது. முடின்னா மூணு மாசக் கதையைச் சொல்லிடும்."

கோடவுனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது என் மகன் அருள். நான் கெஞ்சி வாங்கிக் கொடுத்த வேலை. அடுத்த மாதம் பர்மனென்ட். போன வருடம் கூட்டாளிகளோடு சேர்ந்து இதே கண்றாவி மாத்திரை போட்டான், மாதத்துக்கு ஒரு பேரில் விற்கிறார்கள். கிறிஸ்துமஸோடு விட்டுவிட்டேன் என்கிறான். யார் கண்டது.

வாங்க: டேப், ஃபியூஸ், கொசுவத்தி.

ஜூன் 11, புதன்

அருளிடம் சொல்லிவிட்டேன். சோதனையைப் பற்றி இல்லை. சின்ன வயதில் அவனுக்கு டைபாய்டு வந்தபோது வேளாங்கண்ணியில் மொட்டை போடுவதாக நேர்ந்தேன், இன்னும் செய்யவில்லை, மனசு உறுத்துகிறது என்று. கூசாமல் வந்தது பொய். என் மனைவி மேரி கே.ஜி.எஃப்-இல், தங்கை பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். நல்லதாய்ப் போயிற்று.

அருள் சிரித்தான். "உங்களுக்காகப் போட்டுக்கிறேன்பா." சனிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாயிற்று.

ஜூன் 15, ஞாயிறு. வேளாங்கண்ணி

கொளுத்தும் வெயில். மொட்டை, சந்தனம், கடல் குளியல். என் பேரைச் சொல்லி மெழுகுவத்தி ஏற்றினான். நான் மாதாவின் பாதம் வரைதான் பார்த்தேன். முகத்துக்குக் கண் போகவில்லை.

ஜூன் 18, புதன்

லேப் ஆட்கள் வந்துவிட்டார்கள். ட்யூப்லைட் மாற்றும் சாக்கில் நானும் அங்கேயே. முடி எடுக்கும் பெண் அருளின் தலையைப் பார்த்தாள். சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொன்னாள். நெஞ்சு முடியை வெட்டிக் காகிதத்தில் மடித்தாள். இது என் மரமண்டைக்கு எட்டவே இல்லை.

கிளம்பும்போது மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். "தலைமுடின்னா வேர்ப்பக்கம் மட்டும் பாப்போம் அங்கிள், கடைசி மூணு மாசம் தெரியும். நெஞ்சு முடி வளந்து அப்படியே நின்னுடும். போன வருஷத்து சரக்கும் அதுல இருக்கும். எப்போன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது."



ஜூலை 3, வியாழன்

பாசிட்டிவ். என்னையும் எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். சோதனை நேரம் பார்த்து மொட்டை எதற்கு என்று கேள்வி. அருள் பதறவில்லை. பழைய தப்பை மறைக்கவும் இல்லை. விட்டு ஆறு மாதம் ஆகிறது, பழசுதான் காட்டுகிறது என்றான். மொட்டை அப்பாவின் வேண்டுதல் என்றான். "எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு சார். அவரையே கேளுங்க."

கேட்டார்கள். ஆமாம், வேண்டுதல்தான் என்றேன்.

அவன் நின்று பேசிய விதத்தில் எனக்கே உறைத்தது, நிஜமாகவே விட்டுவிட்டான். தலையில் முடி இருந்திருந்தால் அந்த லேபே சொல்லியிருக்கும். பாவி நான். கேட்டில் அவன் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் விட்டுக் கொடுத்தான்.

ஜூலை 4, வெள்ளி

மழை. வேலைக்குப் போகவில்லை. மதியம் மேரி வந்துவிட்டாள். அழுது முடித்து, மகன் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். "எப்ப நேர்ந்தீங்க? இவனுக்கு டைபாய்டு வந்தப்போ நீங்க மஸ்கட்ல இருந்தீங்க. பயப்படுவீங்கன்னு நீங்க திரும்பி வர்ற வரைக்கும் நான் உங்களுக்குச் சொல்லவே இல்லையே."

அருள் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என்னையே பார்த்தான். டெஸ்ட் வரப்போவது முன்னாடியே தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்றேன்.

"என்கிட்ட சொல்லியிருந்தா நானே முதல் ஆளா போய் முடி குடுத்திருப்பேன்பா."

தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனான்.