பச்சைச் சேலைப் பொம்மை

மக்கா,

அப்பா மாடியில் செய்து வைத்திருக்கும் குட்டி இரணியல் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பொம்மைப் பயணிகள் இன்னும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறார்கள். விரல்நகம் அளவில் துரைகளும் துரைசானிகளும். தொப்பியைச் சீவிவிட்டு, பசையில் நனைத்த டிஷ்யூ பேப்பரைச் சேலையாகச் சுற்றி, அவர்களை நம்மூர் ஆட்களாக்கிச் சாயம் பூசுவது இப்போதும் என் வேலைதான்.

அப்பாவை மீறி நீ கல்யாணம் கட்டிப் போன அன்று, பிளாட்பாரத்தில் நீயாக நின்ற பச்சைச் சேலைப் பொம்மையை அப்பா பிடுங்கி எறிந்தார். மெழுகில் ஒட்டியிருந்ததால் சுலபமாக வந்துவிட்டது.

நேற்று அதே பச்சையில் வேறொன்று செய்து பிளாட்பாரத்தில் வைத்தேன். கூடவே என் மருமகன். நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்துத்தான் மீசை வரைந்தேன்.

"ஏட்டி, ஆரைக் கேட்டு வச்ச?" என்று கத்தினார் அப்பா.

"பெத்தவளைக் கேட்டுதான்."

பெயர்க்கப் பார்த்தார். அசையவில்லை. இந்தமுறை மெழுகு இல்லை, ஃபெவிக்விக். உங்கள் இருவருக்கும் நடுவே குடையோடு நிற்பது நான். மூன்று பேருக்கும் அடியில் ஒரே தகடு. அவர்களைப் பெயர்த்தால் நானும் சேர்ந்துதான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் கை வைக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேரும் இரணியலில் வந்து இறங்குங்கள். குடையோடு நிற்பேன்.

உன் அம்மா