மருந்துக்கடைக் கிழவர்

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. உன் கடிதம் வந்து பதினொரு நாள் ஆகிறது. நேரமில்லை என்று சொன்னால் பொய். கை ஓடவில்லை.

அப்பா போய் மூன்று மாதம். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் அதே வேலைதான், போர்வை மடிப்பது. முன்பு நூறு மடித்தாலும் தெரியாது. இப்போது இருபதிலேயே தோள் விட்டுப்போகிறது. ஒருத்திக்காக உலை வைக்கச் சலிப்பு. நேற்று வைத்ததையே சூடு பண்ணிச் சாப்பிடுகிறேன்.

அப்பா கடைசிவரை உன்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா, அவர் மன்னிக்காத வீட்டுக்குள் எந்த முகத்தோடு வருவேன் என்று கேட்டிருக்கிறாய். உள்ளதைச் சொல்கிறேன். நீ அவனோடு ரயிலேறிப் போன இந்த ஏழு வருஷத்தில் அவர் உன் பேச்சை எடுக்கவே இல்லை. நான் எடுத்தாலும் எழுந்து போய்விடுவார்.

ஆனால் நீ விட்டுப்போன அந்தப் பிரெஞ்சுப் பட சிடி, கறுப்பு வெள்ளைப் படம், அதை மட்டும் ஞாயிறு மத்தியானம் போட்டு உட்கார்ந்துவிடுவார். எனக்கு அந்தப் பாஷை என்ன புரியும்? அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. ஒருநாள், "யாருங்க அந்த மருந்துக்கடைக் கிழவர்?" என்றேன். "அந்தப் பொண்ணோட அப்பா" என்றார். அந்தப் பெண் ஒரு சிப்பாயோடு போய்விடுவாள். கிழவர் கடையைத் திறந்துவைத்து வாசலையே பார்த்திருப்பார். அங்கே நிறுத்திவிடுவார். "மிச்சத்தையும்தான் பாருங்களேன்" என்றால், "கண்ணு வலிக்குது" என்பார்.

நம் வீட்டு டிவி கெட்டுப்போனதால், வேலையிடத்து ஓய்வறையில் போட்டுப் பார்க்கலாம் என்று சிடியைப் பையிலேயே வைத்திருந்தேன். போன செவ்வாய் பாய்லர் பழுதாகி வேலை நின்றது. கிழவர் அவளுக்கு அப்பா என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போட்டேன். மிச்சத்தை அன்றுதான் பார்த்தேன். அவள் திரும்பி வருகிறாள். கிழவர் செத்துப்போய்க் கடை பூட்டிக் கிடக்கிறது. கதவைத் தட்டிவிட்டு, வந்த வழியே போய்விடுகிறாள்.

இஸ்திரி போடுகிற அக்கா, "நல்லா வேணும் இவளுக்கு. ஆள் இருக்கறப்ப வராம பூட்டைப் பாக்க வந்துட்டா" என்றாள். கறை எடுக்கிற பெண் கையில் கிடைத்த போர்வையில் மூக்கைச் சிந்திக்கொண்டு, "மனசு போயிடுச்சுன்னா அவ என்னக்கா பண்ணுவா?" என்று அழுதாள். "மொதல்ல அந்தப் போர்வைய ஊறப் போடுடி" என்றாள் அக்கா. சிரித்துவிட்டோம். சூப்பர்வைசர் மட்டும், "கிழவனுக்குக் கையில என்ன கேடு? ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்ல?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் தபாலாபீசில் ஊரார் கடிதத்தையெல்லாம் விலாசம் பார்த்துப் பிரித்துப் போட்ட மனுஷன் உன் அப்பா. பெற்ற பெண்ணுக்கு ஒன்று போடவில்லை. நானும்தான் போடவில்லை. அவர் கோபத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

வா என்று சொல்ல அவர் இல்லை. நான் சொன்னால் போதுமா, தெரியவில்லை.

அம்மா

பிப்ரவரி 27

அம்மா,

கடிதத்தை நாலு தடவை படித்தேன். உனக்கு ஒன்று தெரியவில்லை. அந்தக் கிழவர் அவளுக்கு அப்பா இல்லை. புருஷன். பிடிக்காத கல்யாணம். சிப்பாயோடு அவள் போவதுதான் கதையே.

நானும் இவரும் சேர்ந்து பார்த்த படம் அது. அவள் ரயிலேறும்போது இவர் என் கையைப் பிடித்தார். அன்றைக்குத்தான் நாங்களும் முடிவு செய்தோம். கிழவர் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை அம்மா. அவர் எங்களுக்கு இடைஞ்சலாகத்தான் தெரிந்தார். எழுந்து தொலையமாட்டாரா என்று இருந்தது.

ஒன்றுதான் புரியவில்லை. பேசுவதெல்லாம் கீழே ஆங்கிலத்தில் ஓடும். நாள் முழுக்க விலாசம் படித்த அப்பாவுக்கு அதைப் படிக்கத் தெரியாதா? 'என் கணவர்' என்று அவள் பத்துத் தடவையாவது சொல்வாள். பிறகு உன்னிடம் ஏன் அப்படிச் சொன்னார்?

பாதி உடுப்பை எடுத்துப் பையில் வைத்தேன். அப்புறம் மூடி வைத்துவிட்டேன்.

வாலு

மார்ச் 8

அன்புள்ள வாலுவுக்கு,

உன் அப்பா தப்பாகப் படிக்கிற ஆள் இல்லை. மழையில் நனைந்து மை ஓடிய விலாசத்தையே வெளிச்சத்தில் பிடித்துக் கண்டுபிடித்துவிடுவார். தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார்.

அவர் உன் பேச்சை எடுக்கவே இல்லை என்று எழுதினேன். அதை அடித்துவிடு. ஞாயிற்றுக்கிழமைதோறும் எடுத்திருக்கிறார். நான்தான் அடுப்படியிலேயே நின்றிருந்தேன். மன்னித்தாரா என்று கேட்டால், அது எனக்குத் தெரியாது. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் தெரியும்.

கிழவர் புருஷன் என்று அக்காவிடம் சொன்னேன். "அப்படியா? அப்ப போனது சரிதான்" என்கிறாள். எனக்கு அவர் அந்தப் பெண்ணின் அப்பாவாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது. நீளமாக எழுத முடியவில்லை. பையை மறுபடி திற. தனியாக வந்தாலும் சரி, மாப்பிள்ளையோடு வந்தாலும் சரி.

எனக்கு இந்த மாதம் பகல் வேலை. வீடு திரும்ப நாலு மணி ஆகும். காலை வண்டியில் வந்தால் கதவு பூட்டியிருக்கும். பூட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடாதே. எதிர்வீட்டுத் தையல்காரரிடம் சாவி இருக்கிறது. சொல்லி வைத்திருக்கிறேன்.

அம்மா