சங்கக் குலுக்கலில் மிஞ்சிய படம்

மார்ச் 6
ரத்தம் எடுத்த குப்பிகளுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறேன், மனசெல்லாம் மாலைக் குலுக்கலில். எங்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் சில்லறையில் மருத்துவமனை ஓவியச் சங்கம் இந்த வருஷம் என் படத்தையும் வாங்கியிருக்கிறது. பிப்ரவரி மழையில் எங்கள் கார் நிறுத்துமிடம். சீட்டில் யார் பெயர் முதலில் வருகிறதோ அவர் பிடித்ததை எடுத்துக்கொள்வார், பிறகு அடுத்தவர். ஒரே ஒருவர் விரும்பி என் படத்தை எடுத்தால் போதும். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 7
வயிறு எரிகிறது.

ஒவ்வொருவராக வந்து என் படத்தைத் தாண்டிப் போனார்கள். பிசியோதெரபி பிரிவு விபேக்கா சொன்னாள்: "கேர்டா, தப்பா எடுத்துக்காத. கார் நிறுத்துற இடத்தைத்தான் தினம் பார்க்கிறோமே, வீட்டுலயும் மாட்டணுமா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்! எதுக்குச் சிரிச்சேன்?

அவள் எடுத்தது கோபன்ஹேகன்காரர் ஒருவரின் நீலக் கோடுகள். பின்பக்கம் திருப்பிப் பெயரைப் பார்த்த பிறகுதான், "அடடா, என்ன ஆழம்!" என்றாள். முன்னால் இல்லாத ஆழம் பின்னாலா இருக்கிறது? தெரிந்தவள் வரைந்தால் அது படமே இல்லை. ரத்தம் எடுக்கிறவளுக்கு எதுக்கு இந்த வேலை — எல்லார் முகத்திலும் அதுதான்.

மிஞ்சியது என் படம். மிஞ்சிய பெயர் ஐகில், நோயாளிகளின் கட்டில் தள்ளுகிறவர். "சரி, போகலாம்" என்று அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 8
தூரிகையைத் தொடவில்லை.

மே 19
தலைநகரத்து வசந்தக் கண்காட்சியில் என் படங்களை எடுத்துக்கொண்டார்கள்! நடுவர்களுக்கு வரைந்தவர் பெயர் தெரியாது, அதனால் தப்பித்தேன். செய்தித்தாளில் நாலு வரி வந்திருக்கிறது. "துணிச்சலான சாம்பல் நிறம்." அதே சாம்பல்தான். அதே கார் நிறுத்துமிடம், வேறு மூலை.

மே 21
மருத்துவமனை உணவகத்தில் விபேக்கா கட்டிப்பிடித்தாள். "எனக்கு அன்னைக்கே தெரியும்டி." அன்னைக்கே தெரியுமாம்! நாக்கு கூசவில்லை.

அதோடு விட்டாளா? நேராக ஐகிலிடம் போனாள்.

"மாத்திக்கலாமா ஐகில்? என் நீலக் கோட்டை நீங்க எடுத்துக்கங்க, கேர்டாவோடதை எனக்குக் கொடுங்க."

அவர் மீனை மென்று முழுங்கினார். "ஆணி அடிச்சாச்சே."

"அதே ஆணில இதை மாட்டுங்களேன்."

"அது அதுக்கு அடிச்ச ஆணி."

சோம்பேறி மனுஷன். என் மதிப்பு இவ்வளவுதான் — அவளுக்கு நாலு வரி, இவருக்கு ஒரு ஆணி.

செப்டம்பர் 3
சங்கக் கூட்டத்தில் கத்திவிட்டேன். "பெயரை மறைங்க! முன்னால, பின்னால, எல்லாத்துலயும் காகிதம் ஒட்டுங்க. யாருக்குக் கண்ணு இருக்குன்னு பார்த்துடலாம்." இங்கே யாரும் குரல் உயர்த்துவதில்லை. பயந்துபோய் ஒத்துக்கொண்டார்கள். "கேர்டா பெரிய ஆளாயிட்டா" என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. யாரும் யாரைவிடவும் பெரியவரில்லை என்கிற இந்த ஊரில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது. சொல்லட்டும்.

ஜனவரி 15
சங்கத்துக்குப் படம் வாங்கும் குழு என் பஸ் நிறுத்தப் படத்தை எடுத்திருக்கிறது. மழைதான், சாம்பல்தான். வெளியே மூச்சு விடக்கூடாது என்றார்கள்.

மார்ச் 4
இன்று குலுக்கல். முதல் பெயர் விபேக்கா.

படங்களுக்கு முன்னால் அங்குமிங்கும் நடந்தாள். ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள், காகிதம். "ஒரு குறிப்பாவது கொடுங்கப்பா!" என் பஸ் நிறுத்தத்தின் முன்னால் நின்றாள். "ஐயோ, ஒரே வறட்சி" என்றாள். ஒரு சிவப்புப் படகைத் தூக்கிக்கொண்டாள். அன்னைக்கே தெரிஞ்சவளுக்கு இன்னைக்குத் தெரியலை! எழுந்து கத்தியிருப்பேன், அதற்குள் இரண்டாவது பெயரைப் படித்துவிட்டார்கள். ஐகில்.

இத்தனை படம் இருக்கிறது. அவர் எதையும் சுற்றிப் பார்க்கவில்லை. நேராகப் பஸ் நிறுத்தப் படத்துக்குப் போய்க் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

கடைசியில் காகிதங்களைக் கிழித்தபோது விபேக்காவின் முகம் சிவந்துவிட்டது. "இது கேர்டாவோடதுன்னு யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"யாரும் சொல்லலை. அதே மழைதானே. தினம் வீட்டுல காபி குடிக்கிறப்போ பார்க்கிறேன்ல."

அழுகை வந்துவிட்டது. எல்லார் முன்னாலும், வெட்கமில்லாமல். ஐகில் என்னைப் பார்த்தார். கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"போற வழியில ஒரு ஆணி வாங்கணும்."