ஐந்தாவது வாக்கு

அன்பு மகளே,

சிலை விஷயம் கேட்டிருந்தாய். உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகப் போரிட்ட தெற்குப் படையின் கல் சிப்பாய் நீதிமன்ற வாசலில் இன்னும் நிற்கிறான்.

நகர சபைக் கூட்டத்தில் உன் மாமியார், சிலைத் திறப்பு விழாவின் பழைய உரையைப் படித்துக் காட்டினார். அவரைப் போன்ற கறுப்பர்கள் தங்கள் இடத்தை மறக்கக் கூடாதென்றே சிலையை நிறுவினார்களாம். "அதெல்லாம் பழங்கதைங்க, இது நம்ம பாரம்பரியம்" என்றான் சபை உறுப்பினன் ஹார்லன்.

அகற்றலாம் என்று இருவர், வேண்டாம் என்று இருவர். ஐந்தாவது வாக்கு என்னுடையது. முன்வரிசையில், சிலை நிற்கட்டும் என்ற என் அண்ணன்மார் உட்கார்ந்திருந்தார்கள். நான் கையைத் தூக்கவில்லை.

கூட்டம் முடிந்து வாசலில் உன் மாமியாரிடம் ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"விடுங்க சம்பந்தி. நீங்க தூக்குவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல" என்றார். குரலில் கோபமே இல்லை.

கிறிஸ்துமஸுக்குப் பேரனை அழைத்து வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை எழுத முடியவில்லை.

உன் அப்பா