டேங்கர் என்று எழுதிய விடை

அன்புள்ள கிருத்திகாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே பெங்களூரில், அடுகோடியில் மழையும் நானும் நன்றாகத்தான் இருக்கிறோம், சூரத்தில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியைச் சொல்லாமலே வைத்துவிடுவேன், அதனால்தான் பருப்புப்பொடி பார்சலோடு இதையும் வைக்கிறேன். என் பள்ளிக்குப் பக்கத்திலேயே, வைட்ஃபீல்டில் உனக்கு வேலை கிடைத்தது என்று கேட்ட நாளிலிருந்து, காலை பஸ்ஸில் உனக்கு ஜன்னல் ஓரம், எனக்குப் பக்கத்து சீட் என்று மனதுக்குள் இடம் பிடித்து வைத்திருந்தேன். மாடி வீட்டு ஆம்ப்ரோஸ் அண்ணன் கேட்டருகே பார்க்கும்போதெல்லாம், என்ன டீச்சரம்மா, பாப்பா வந்தாவாவது உங்க வீட்ல குக்கர் விசில் கேக்குமா என்று கேலி செய்கிறார். அவர் சொல்வதும் சரிதான், ஒரு ஆளுக்கு யார் குக்கர் வைப்பார்கள். அப்பா போனபின் நீயும் நானும்தான், நீ சூரத்துக்குப் படிக்கப் போனபின் நானும் டிவியும்தான். அந்த நினைப்பில்தான், வேலை வேண்டாம், கட்ச் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் இரண்டு வருஷம் சொல்லித்தரப் போகிறேன், அங்கே பிள்ளைகளே கிணற்று நீர்மட்டத்தை அளந்து ஊர்க்கூட்டத்தில் சொல்கிறார்கள் என்று நீ சொன்னதும், இதுக்காடி உன்னை இன்ஜினியரிங் படிக்க வெச்சேன் என்று கேட்டுவிட்டேன். நீ போனை வைத்துவிட்டாய், போன வாரம் முழுவதும் நானும் கூப்பிடவில்லை.

இதற்கு நடுவில் பள்ளியில் ஒன்று நடந்தது. ஐந்தாம் வகுப்புத் தேர்வில், பெங்களூருக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு ரித்விக் என்ற பையன் டேங்கர் என்று எழுதியிருந்தான். காவேரி என்பதுதான் விடை, நான் தப்புப் போட்டேன். அவன் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்து, மிஸ், எங்க அபார்ட்மென்ட்டுக்கு காவேரி ஒரு நாள்கூட வந்ததில்ல, நான் பொய் எழுதணுமா என்றான். வகுப்பே சிரித்தது. கடைசி பெஞ்சு ஸ்னேஹா மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஊர் வைட்ஃபீல்டுக்கு அப்பால். அந்த டேங்கரை எங்கள் ஊர் போர்வெல்லில்தான் நிரப்புகிறார்கள் மிஸ், இப்போது எங்களுக்குச் சேறுதான் வருகிறது என்று கன்னடத்தில் மெதுவாகச் சொன்னாள். ரித்விக் அவளைத் திரும்பிப் பார்த்தபடி நின்றான். அவனுக்கு மார்க் போட்டேன். மேற்பார்வையாளர் சேஷகிரி சார் கூப்பிட்டு, ஆன்சர் கீல இருக்கறதுக்குத்தான் மார்க் மேடம், விட்டா ஆளாளுக்கு அவங்கவங்க வீட்டு பதிலை எழுதுவாங்க, மாத்திடுங்க என்றார். இல்ல சார், மாத்தல என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அவருக்குக் கேட்டிருக்கிறது.

நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். சந்தேகம் கேட்க வீட்டில் ஆளில்லாததால் புத்தகத்தில் இருந்ததை அப்படியே எழுதினேன், அதில்தான் வேலை வந்தது, உன்னை வளர்த்தேன், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளும் வருஷம் முழுவதும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தர் வீட்டுக் குழாய்க்காக இன்னொருத்தர் ஊர் காய்வது அன்றைக்குத்தான் இருவருக்கும் தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்டு, இனி என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிக்க வைக்காமல் நான் இத்தனை நாள் என்ன சொல்லித்தந்தேன் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்ததில் நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன். நீ போகிற பள்ளியில் அதைத்தான் செய்கிறார்கள் போலிருக்கிறது. போ கண்ணு. வைட்ஃபீல்டு வேலை வேண்டாம் என்று அந்தக் கம்பெனிக்கு எழுதிவிடு. எனக்கு இங்கே தனியாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். ஆனால் அதற்காக நீ வர வேண்டாம்.

எங்கே இருந்தாலும் நீ தைரியமாக, நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அங்கே குளிர் அதிகமாம், ஸ்வெட்டரை மறக்காதே. சேர்ந்த முதல் நாளே தீபாவளிக்கு லீவு உண்டா என்று கேட்டு வைக்காதே, நன்றாக இருக்காது. ஒரு வாரம் போனபின் கேள்.

உன் அம்மா,
தாரணி